"அண்ணே, கார்டு எடுப்பீங்களா?" சின்னக் கடைக்கு ஸ்வைப்பிங் மெஷின்... லாபமா? தலைவலியா?

சென்னை:

"அண்ணே, கிரெடிட் கார்டு எடுப்பீங்களா?"

துணிக்கடை, செருப்புக்கடை, செல்போன் சர்வீஸ் கடை, மெடிக்கல் ஷாப்... எந்தக் கடையாக இருந்தாலும் நாளைக்கு ஒருத்தராவது இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதில்லை. "இல்லைங்க, ஜிபே பண்ணுங்க" என்று சொன்னால் சில பேர் பண்ணுகிறார்கள். சில பேர் எடுத்த பொருளை அப்படியே மேஜை மேல் வைத்துவிட்டு, எதிரே இருக்கும் பெரிய கடைக்கு நடையைக் கட்டுகிறார்கள்.

மாசக் கடைசியில் இது இன்னும் அதிகம். சம்பளம் கரைந்து போயிருக்கும். பேங்க் கணக்கிலும் ஒன்றும் இருக்காது. கார்டில் மட்டும் லிமிட் இருக்கும். அந்த வாடிக்கையாளருக்கு கார்டுதான் காசு.

கண் முன்னால் வந்த வியாபாரம் கை நழுவிப் போகிறதே என்ற வயிற்றெரிச்சலில் கடைக்காரர் இருக்கும்போதுதான் வருவார் ஒரு ஏஜெண்டு. கழுத்தில் பட்டை, கையில் டேப்லெட். "ரெண்டே நாள்ல மெஷின் வந்துரும் சார். ஒரு கையெழுத்து போடுங்க போதும்" என்பார்.

அந்த ஒரு கையெழுத்தில்தான் விஷயமே இருக்கிறது.

கியூஆர் உடனே... மெஷினுக்கு ஏன் இழுத்தடிப்பு?

2016-ம் ஆண்டு ஏப்ரலில் யுபிஐ வந்தது. அதே ஆண்டு நவம்பர் 8-ந்தேதி ராத்திரி 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்தது. சில்லறைக்கு அலைந்த அந்த நாட்களில்தான் சின்னக் கடைக்காரர்கள் முதன்முதலாக டிஜிட்டல் பணத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். இன்றைக்கு இளநீர் வண்டியிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது.

கியூஆர் அட்டை வாங்குவது சுலபம். ஆனால் கிரெடிட் கார்டு வாங்கும் மெஷின் கேட்டால் ஆயிரம் கேள்வி, அரை டஜன் காகிதம். ஏன் இந்த வித்தியாசம்?

யுபிஐயில் வாடிக்கையாளர் தன் கணக்கில் இருக்கும் சொந்தக் காசை அனுப்புகிறார். அனுப்பினால் முடிந்தது. கிரெடிட் கார்டு அப்படி இல்லை. அது கடன் காசு. "நான் இந்தப் பொருளை வாங்கவே இல்லை", "கொடுத்த பொருள் சரியில்லை" என்று கார்டுக்காரர் பின்னால் புகார் செய்யலாம். புகார் நியாயம் என்று முடிவானால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அதற்குள் கடைக்காரர் கடையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தால்? மெஷின் கொடுத்த பேங்க்தான் அந்தப் பணத்தைக் கட்ட வேண்டும்.

அதாவது மெஷின் கொடுப்பது, பேங்கைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட கடன் கொடுப்பது மாதிரி. அதனால்தான் கடை நிஜமா, ஆள் நிஜமா, எத்தனை வருஷமாக இருக்கிறார் என்று துருவித் துருவிப் பார்க்கிறார்கள்.

என்னென்ன காகிதம்?

பேங்குக்கு பேங்க் கொஞ்சம் மாறும். ஆனால் பொதுவாகக் கேட்பது இவைதான். பான் கார்டு. ஆதார். கடை பேரில் கரண்ட் அக்கவுண்ட், அதன் கேன்சல் செய்த செக். கடை இருப்பதற்கு ஆதாரமாக வாடகை ஒப்பந்தம் அல்லது மாநகராட்சி, நகராட்சி உரிமம். 2020 ஜூலையில் இருந்து நடைமுறையில் உள்ள உத்யம் பதிவுச் சான்று. ஜிஎஸ்டி எண் இருந்தால் அது. கடையின் உள்ளேயும் வெளியேயும் எடுத்த போட்டோ.

இதில் பெரும்பாலான சின்னக் கடைக்காரர்கள் மாட்டிக்கொள்வது வாடகை ஒப்பந்தத்தில்தான். இருபது வருஷமாக ஒரே கடை. வாடகை மாசாமாசம் கையில் கொடுப்பது. ஓனரோடு எல்லாம் வாய்ப்பேச்சு. கரண்ட் பில்லும் ஓனர் பேரில். "ஒப்பந்தம் போட்டுத் தாங்க" என்று கேட்டால், "எதுக்கு? கடையை அமுக்கப் பார்க்கிறியா?" என்று ஓனர் சந்தேகப்படுவார்.

இந்த இடத்தில் உத்யம் சான்று கை கொடுக்கும். ஆதார், பான் இரண்டையும் வைத்து அரசு இணையதளத்தில் இலவசமாகவே பதிவு செய்யலாம். இதற்கும் ஆயிரம் ரூபாய், இரண்டாயிரம் ரூபாய் கறக்கும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை.

100 ரூபாயில் எத்தனை ரூபாய் போகும்?

இதுதான் முக்கியம். கார்டு தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் பில் தொகையில் ஒரு பங்கு கழிந்துதான் கடைக்காரர் கணக்குக்கு வரும். இதற்கு எம்டிஆர் என்று பேர். வாடிக்கையாளருக்கு கார்டு கொடுத்த பேங்க், கடைக்கு மெஷின் கொடுத்த பேங்க், நடுவில் வீசா, மாஸ்டர்கார்டு மாதிரி கம்பெனி... எல்லாரும் இந்தப் பங்கைப் பிரித்துக்கொள்கிறார்கள்.

டெபிட் கார்டுக்கு ரிசர்வ் பேங்க் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2018 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த விதிப்படி, ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் வரை வியாபாரம் செய்யும் கடைக்கு மெஷினில் தேய்த்தால் அதிகபட்சம் 0.40 சதவீதம். ஒரு பில்லுக்கு 200 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. 20 லட்சத்தைத் தாண்டிய கடைக்கு 0.90 சதவீதம், ஒரு பில்லுக்கு அதிகபட்சம் 1000 ரூபாய்.

2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் இந்தக் கட்டணமே கிடையாது. யுபிஐக்கு எம்டிஆர் வரப்போகிறது என்று 2025 ஜூனில் ஒரு வதந்தி கிளம்பியபோது, அது பொய் என்று மத்திய நிதி அமைச்சகம் மறுத்தது.

ஆனால் கிரெடிட் கார்டுக்கு ரிசர்வ் பேங்க் உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. பேசி முடிப்பதுதான் ரேட். தினமும் லட்சக்கணக்கில் ஓட்டும் பெரிய கடைக்கு ஒரு ரேட். முட்டுச்சந்து கடைக்கு வேறு ரேட். எங்கேயும் நடப்பது போல, குறைவாக ஓட்டுகிறவன் அதிகமாகக் கொடுக்கிறான்!

ஒரு கணக்கு பார்க்கலாம். 3000 ரூபாய்க்கு ஒரு சேலை விற்கிறது. கிரெடிட் கார்டு கட்டணம் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 60 ரூபாய். அந்த 60 ரூபாய் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது 10 ரூபாய் 80 காசு. ஆக 70 ரூபாய் 80 காசு போய்விடும். கடைக்காரருக்கு வருவது 2929 ரூபாய் 20 காசு.

"70 ரூபாய்தானே?" என்று தோன்றும். ஆனால் அந்தச் சேலையில் கடைக்காரர் லாபமே 300 ரூபாய் என்றால், லாபத்தில் கிட்டத்தட்ட கால்வாசி அங்கேயே காலி.

இதே சேலையை வீசா டெபிட் கார்டில் வாங்கினால், 20 லட்சத்துக்குள் ஓட்டும் கடைக்கு அதிகபட்சம் 12 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 14 ரூபாய் 16 காசு. ரூபே டெபிட் கார்டு, யுபிஐ என்றால் கட்டணம் இல்லை.

ஒரு ஆறுதல் உண்டு. ஒரே பில் 2000 ரூபாய்க்குள் இருந்தால், அந்தக் கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டி கிடையாது. இந்தச் சலுகை பல கடைக்காரர்களுக்குத் தெரியாது. மாத ஸ்டேட்மெண்டை எடுத்து, சின்ன பில்லுக்கும் ஜிஎஸ்டி பிடித்திருக்கிறார்களா என்று பார்த்துக் கேட்கலாம்.

ஓடினாலும் வாடகை... தூங்கினாலும் வாடகை!

எம்டிஆர் வியாபாரம் நடந்தால் மட்டும் போகும். மெஷின் வாடகை அப்படி இல்லை. மெஷின் மேஜைக்கு அடியில் தூசி படிந்து கிடந்தாலும் மாசம் பிறந்தால் கணக்கில் இருந்து தானாகவே பிடித்துக்கொள்வார்கள். "தானாகப் பிடிக்கலாம்" என்று சம்மதம் கொடுத்த தாள், அந்தக் கையெழுத்துக் கட்டில்தான் இருந்தது.

வாடகை கம்பெனிக்கு கம்பெனி மாறும். உதாரணத்துக்கு மாசம் 400 ரூபாய் என்று வைப்போம். ஜிஎஸ்டி சேர்த்து 472. வருஷத்துக்கு 5664 ரூபாய்.

மாசம் 10 ஆயிரம் ரூபாய்க்கு மட்டும் கார்டு வியாபாரம் நடந்தால், 2 சதவீத எம்டிஆரும் ஜிஎஸ்டியும் 236, வாடகை 472, மொத்தம் 708 ரூபாய். அதாவது நூற்றுக்கு 7 ரூபாய்க்கு மேல்! அதுவே மாசம் ஒரு லட்சம் ஓடினால் 2360, வாடகை 472, மொத்தம் 2832. நூற்றுக்கு 3 ரூபாய்க்குள் வந்துவிடுகிறது.

இன்னொரு மறைமுகச் செலவும் உண்டு. மெஷின் வந்ததும் புது ஆள் மட்டும் கார்டு நீட்ட மாட்டார். இதுவரை ரொக்கமாகவோ யுபிஐயிலோ கொடுத்துக்கொண்டிருந்த பழைய வாடிக்கையாளரும் "பாயிண்ட் கிடைக்கும்" என்று கார்டை நீட்டுவார். காசு செலவில்லாமல் வந்துகொண்டிருந்த வியாபாரத்துக்கு இப்போது கட்டணம்.

மாசம் 50 ஆயிரம் ரூபாய் பழைய வியாபாரம் இப்படி கார்டுக்கு மாறினால் 1180 ரூபாய் போகும். வாடகை 472. ஆக 1652. நூற்றுக்கு 15 ரூபாய் லாபம் பார்க்கும் கடை, இதை ஈடுகட்ட மாசம் 13 ஆயிரம் ரூபாய்க்கு மேல் புது வியாபாரம் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு வருவதுதான் மெஷினால் வந்த லாபம்.

இந்தக் கணக்கை ஏஜெண்டு போட்டுக் காட்ட மாட்டார். கடைக்காரர்தான் போட வேண்டும். ஒரு மாசம் ஒரு நோட்டில் கோடு போட்டு வைத்தால் போதும். கார்டு கேட்டு, இல்லை என்றதும் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர், எவ்வளவு ரூபாய் பொருள் என்று தெரிந்துவிடும்.

கையெழுத்துக்கு முன்னால் ஆறு கேள்வி

ஒன்று, கிரெடிட், டெபிட், கம்பெனி கார்டு, வெளிநாட்டு கார்டு... ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீதம்? எல்லாவற்றுக்கும் ஒரே ரேட் என்று சொன்னால் உஷார்.

இரண்டு, வாடகை எவ்வளவு? "முதல் மூணு மாசம் ஃப்ரீ" என்றால் நாலாவது மாசம் எவ்வளவு?

மூன்று, மாசம் இவ்வளவு ரூபாய்க்கு தேய்த்தே ஆகவேண்டும் என்று நிபந்தனை இருக்கிறதா? தேய்க்காவிட்டால் அபராதமா?

நான்கு, வேண்டாம் என்று மெஷினைத் திருப்பிக் கொடுத்தால் டெபாசிட் வருமா? எத்தனை மாசம் முன்னால் சொல்ல வேண்டும்?

ஐந்து, தேய்த்த பணம் எப்போது கணக்கில் ஏறும்? வழக்கமாக அடுத்த வேலை நாள். அதே நாளில் வேண்டும் என்றால் தனிக் கட்டணமா? மறுநாள் காலை கொள்முதலுக்குப் பணம் வேண்டிய காய்கறிக் கடைக்கும் பூக்கடைக்கும் இது உயிர்நாடிக் கேள்வி.

ஆறு, மெஷின் கெட்டுப்போனால் யார் வருவார்? பேப்பர் ரோல் யார் செலவு?

பதில் வாயால் சொன்னால் போதாது. தாளில் இருக்க வேண்டும். மெஷின் கொடுப்பது பேங்க் இல்லாமல் தனியார் கம்பெனியாக இருந்தால், ரிசர்வ் பேங்க் அனுமதி பெற்ற கம்பெனிதானா என்று ரிசர்வ் பேங்க் இணையதளப் பட்டியலில் பார்த்துவிடலாம்.

"ரெண்டு பர்சென்ட் சேர்த்துக் கொடுங்க!"

நிறைய கடைகளில் கேட்கும் வசனம் இது. கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது. டெபிட் கார்டில் இப்படி வசூலிக்கக் கூடாது, பேங்குகள்தான் அதைக் கண்காணிக்க வேண்டும் என்று ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கிறது. கிரெடிட் கார்டிலும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் "கூடுதலாக வாங்கக் கூடாது" என்ற வரி இருக்கும். வாடிக்கையாளர் புகார் கொடுத்தால் மெஷினையே பிடுங்கிக்கொண்டு போக வாய்ப்புண்டு.

இதைவிட ஆபத்தானது இன்னொன்று. "அண்ணே, பொருள் எதுவும் வேணாம். 20 ஆயிரத்துக்கு கார்டைத் தேய்ச்சு காசா குடுங்க. உங்களுக்கு 3 பர்சென்ட் கமிஷன்" என்று தெரிந்தவரே வந்து நிற்பார். ஆஸ்பத்திரி செலவு, ஸ்கூல் ஃபீஸ் என்று காரணமும் மனசை இளக்கும்.

விற்காத பொருளுக்கு பில் போட்டு கிரெடிட் கார்டில் காசு எடுத்துக் கொடுப்பது ஒப்பந்தத்துக்கு விரோதம். சின்னக் கடையில் திடீரென்று பத்தாயிரம், இருபதாயிரம் என்று ரவுண்டு தொகையாக விழுந்தால் பேங்க் கம்ப்யூட்டர் உடனே மோப்பம் பிடிக்கும். பணத்தை நிறுத்தி வைப்பார்கள். பில் கேட்பார்கள். அந்தக் கார்டு திருட்டு கார்டாக இருந்துவிட்டால் போலீஸ் விசாரணை வரை போகும். 600 ரூபாய் கமிஷனுக்கு ஆசைப்பட்டு 20 ஆயிரத்தைப் பறிகொடுப்பது என்ன நியாயம்?

நேர்மையாக விற்ற பொருளுக்கும் பணம் திரும்பப் போகும் ஆபத்து உண்டு. "வாங்கவில்லை" என்று புகார் வந்தால் பில் நகல், மெஷின் சீட்டு இரண்டையும் குறிப்பிட்ட நாளுக்குள் அனுப்பியாக வேண்டும். மெஷின் சீட்டில் எழுத்து சில மாசத்தில் மங்கிப் போகும். செல்போனில் போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

"வரிக்காரன் வருவானே..."

பல கடைக்காரர்கள் மெஷினே வேண்டாம் என்று ஒதுங்கக் காரணம், கட்டணம் இல்லை. பயம். கணக்கில் ஏறிய காசு எல்லாம் வரித்துறைக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம்.

அது வெறும் பயம் இல்லை என்பதை 2025 ஜூலையில் பெங்களூரு காட்டியது. யுபிஐ வரவை வைத்து சின்னக் கடைக்காரர்களுக்கு கர்நாடக வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. பேக்கரி, டீக்கடை, காய்கறிக் கடை என்று யாரையும் விடவில்லை. "நோ யுபிஐ, கேஷ் மட்டும்" என்று கடைகளில் அட்டை தொங்கியது. ஜூலை 25-ந்தேதி போராட்டம் என்று வியாபாரிகள் அறிவித்தார்கள். முதல்வராக இருந்த சித்தராமையா அவர்களை அழைத்துப் பேசினார். பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம், ஜிஎஸ்டி பதிவு செய்துகொள்ளுங்கள் என்று சொன்ன பிறகே பிரச்சினை அடங்கியது.

அதில் இருந்து நம்மூர் கடைக்காரர்களுக்கு இரண்டு பாடம். பொருள் மட்டும் விற்கும் கடைக்கு தமிழ்நாட்டில் ஆண்டு வியாபாரம் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சர்வீஸ் தொழிலுக்கு 20 லட்சம். இந்த எல்லைக்குள் இருப்பவர் மெஷின் வாங்கினார் என்பதற்காக யாரும் ஜிஎஸ்டி கேட்க முடியாது. எல்லையைத் தாண்டியவர் ரொக்கத்தில் ஓட்டினாலும் பதிவு செய்துதான் ஆகவேண்டும்.

இரண்டாவது, வியாபாரக் கணக்கும் வீட்டுக் கணக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். மச்சான் அனுப்பிய கைமாத்து, சீட்டுப் பணம், மகன் சம்பளம் எல்லாம் ஒரே கணக்கில் விழுந்தால் வரித்துறை கண்ணுக்கு அத்தனையும் வியாபாரமாகத் தெரியும். ஏதாவது புகாரில் கணக்கு முடங்கினாலும், தனிக் கணக்கு இருந்தால் வீட்டில் அடுப்பு எரியும்.

கணக்கில் ஏறும் காசால் நன்மையும் இருக்கிறது. வருமான வரியில் உத்தேச லாபக் கணக்கு காட்டும் சின்ன வியாபாரிக்கு ரொக்க வியாபாரத்தில் 8 சதவீதம் லாபம் என்று எடுத்துக்கொள்வார்கள். பேங்க் வழியாக வந்ததற்கு 6 சதவீதம்தான். அதைவிடப் பெரியது கடன். தீபாவளிக்குச் சரக்கு எடுக்க பேங்கில் கடன் கேட்டால் "வியாபாரம் நடக்குதுன்னு என்ன ஆதாரம்?" என்பார்கள். 12 மாச ஸ்டேட்மெண்டைக் காட்டுபவருக்கு பேங்க் கதவு கொஞ்சமாவது திறக்கும். காட்ட முடியாதவர் கந்துவட்டிக்காரர் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

மெஷின் இல்லாமலேயே ஒரு வழி

வியாபாரம் குறைவாக இருப்பவர் அவசரப்பட்டு மெஷின் வாடகைக்கு எடுக்க வேண்டியதில்லை. 2022-ல் இருந்து ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்து கியூஆர் அட்டையிலேயே பணம் கட்டும் வசதி இருக்கிறது. இதை வாங்க வியாபாரிக்கான கியூஆர் வேண்டும். சொந்தப் பேரில் இருக்கும் சாதாரண கியூஆரில் கிரெடிட் கார்டு பணம் ஏறாது. 2000 ரூபாய் வரையிலான பில்லுக்கு சின்ன வியாபாரிக்குக் கட்டணம் இல்லை என்பது அப்போது சொல்லப்பட்ட விதி. அதற்கு மேல் போனால் கட்டணம் உண்டு. பேங்கில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் வீசா, மாஸ்டர்கார்டு கிரெடிட் கார்டு வைத்திருப்பவருக்கு இந்த வழி உதவாது. அவர்களுக்கு மெஷின்தான்.

ஏமாந்தால் எங்கே போவது?

சொன்னதைவிட அதிகம் பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்த மெஷினுக்கும் வாடகை போகிறது என்றால் முதலில் பேங்குக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். நகலில் முத்திரை வாங்குவது முக்கியம். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது. வக்கீல் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். ஓடிபி கேட்டு, "மெஷின் அப்டேட்" என்று சொல்லி யாராவது பணத்தைச் சுருட்டினால் உடனே 1930-க்கு போன் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

மெஷின் கெட்டது இல்லை. பெரிய கடை மட்டும் பிடித்துக்கொண்டிருந்த வாடிக்கையாளரை சின்னக் கடைக்கும் கொண்டு வரும் கருவி அது. ஆனால் அது கடையில் வேலைக்கு வைக்கும் ஆள் மாதிரி. சம்பளத்துக்கு மேல் சம்பாதித்துக் கொடுத்தால் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கணக்கு முடித்து அனுப்பிவிட வேண்டியதுதான்.

அதனால் அடுத்த தடவை ஏஜெண்டு வந்து "ஒரு கையெழுத்து போதும் சார்" என்றால், பேனாவை எடுக்க வேண்டாம். முதலில் கால்குலேட்டரை எடுக்கட்டும் கடைக்காரர்!